பத்து லிட்டர் பெட்டியும் மாரியூர் காத்தும்

"அக்கா, டவர் வேணாம். பையில போட்டுத் தூக்கிட்டுப் போற மாதிரி சின்னதா ஒரு பிசி அசெம்பிள் பண்ணலாம்னு இருக்கேன். ரொம்ப சூடாகுமா?"

போன செமஸ்டர்ல இருந்து ஜூனியர்ஸ் கேட்கிற கேள்வி இது. ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸப்ல தனித்தனியா டைப் பண்ணி முடியல, அதனால மொத்தமா இங்கேயே எழுதிடறேன். ஒரு காரணம் இன்னும் இருக்கு. இந்த விஷயத்துக்கு யூட்யூப்ல வீடியோ குவிஞ்சு கிடக்கு. ஆனா அதுல பாதிப் பேர் 22 டிகிரி அறையில உட்கார்ந்து பேசறாங்க. என் வீடு மாரியூர்ல. சாயல்குடியில இறங்கி இன்னும் தெற்கே, மன்னார் வளைகுடா கரையில இருக்கிற ஊர். சிவன் வலை வீசின கதைக்குத் திருவிழா எடுக்கிற பூவேந்தியநாதர் கோயில் உள்ள ஊருன்னா சிலருக்குத் தெரியும். தமிழ்நாடு உப்புக் கழகத்தோட மாரியூர் வாலிநோக்கம் உப்பளம்னா இன்னும் சிலருக்குத் தெரியும். லீவு விட்டா என் பெட்டியும் என்கூட ஊருக்கு வரும். அங்க மே மாசம் மின்விசிறிக்குக் கீழேயே 34 டிகிரி. ஈரம், உப்பு ரெண்டும் இலவசம். வேதாளை, ஏர்வாடி, தூத்துக்குடி, நாகப்பட்டினம்னு கடலோரத்துல இருந்து வந்து படிக்கிறவங்க நம்ம காலேஜ்ல நிறையப் பேர். வீட்டுல சீட்டு எடுத்துக் குடுத்த காசுல வாங்கற மெஷின் நாலு வருஷமாவது ஓடணும். அந்தக் கணக்குல படிங்க.

முதல்ல அளவு. மினி ஐடிஎக்ஸ்னு சொல்ற மதர்போர்டு 170 மி.மீ.க்கு 170 மி.மீ. 2001ல வியா கம்பெனி கொண்டு வந்த அளவு, இன்னிக்கு வரைக்கும் மாறல. இதை வச்சு, கிராஃபிக்ஸ் கார்டோட சேர்த்து பத்து லிட்டர் கொள்ளளவுல ஒரு முழு பிசி கட்டலாம். சாதாரண டவர் கேபினெட் 40, 50 லிட்டர் வரும். பத்து லிட்டர்னா நம்ம வீட்டுப் பிளாஸ்டிக் குடத்தை விடச் சின்னது.

அதுக்குள்ள என்ன எரியுதுன்னு பாருங்க. ரைசன் 5 7600 சிபியு முழு வேகத்துல சுமார் 88 வாட் இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை வீணாக்கறது எல்லாம் சேர்த்து இன்னொரு ஐம்பதுன்னு வச்சுக்கலாம். மொத்தம் 250 வாட். கம்ப்யூட்டர் வேலை செய்யாது, பாரம் தூக்காது. உள்ள போற கரண்ட் கிட்டத்தட்ட அத்தனையும் சூடாத்தான் வெளிய வந்தாகணும். பழைய 60 வாட் குண்டு பல்பு நாலை ஒரு குடத்துக்குள்ள எரிய விட்ட மாதிரி.

இங்க பெட்டியில ஒட்டியிருக்கிற நம்பரை நம்பிடாதீங்கன்னு ஒரு வார்த்தை. ஐ7 12700 பெட்டியில 65 வாட்னு இருக்கும். அது அடிப்படை வேகத்துக்கான கணக்கு. முழு வேகத்துக்கு இன்டெலே சொல்ற அளவு 180 வாட். டவர்ல இது ஒரு பிரச்சினையே இல்ல. பத்து லிட்டர்ல இதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்கும்.

இப்ப நிறையப் பேர் தப்பா நினைக்கிற இடத்துக்கு வரேன். "பெட்டி சின்னது, காத்துக்கு இடமில்ல, அதனால சூடாகுது." இல்ல. தெர்மோடைனமிக்ஸ் பேப்பர்ல அரியர் இல்லாதவங்க இதை ஒரு வரியில போட்டுடலாம். வெளிய போற காத்து உள்ள வந்த காத்தை விடப் பத்து டிகிரி சூடா இருக்கலாம்னு வச்சா, 250 வாட்டைத் தூக்கிட்டுப் போக நொடிக்கு எவ்வளவு காத்து வேணும்? வாட்டை, காத்தோட அடர்த்தி, அதோட வெப்ப ஏற்புத்திறன், அந்தப் பத்து டிகிரி மூணாலயும் வகுங்க. சுமார் 21 லிட்டர் வரும். இந்தக் கணக்குல பெட்டியோட கொள்ளளவு எங்கயும் வரவே இல்ல, கவனிச்சீங்களா? 50 லிட்டர் டவருக்கும் அதே 21 லிட்டர்தான். வித்தியாசம் என்னன்னா, நம்ம பத்து லிட்டர் பெட்டிக்குள்ள இருக்கிற காத்து நொடிக்கு ரெண்டு தடவை மொத்தமா மாறணும். காத்து உள்ள தங்கறதுக்கு நேரமே கிடையாது. வந்தா, தொட்டா, போகணும்.

அதனால சின்னப் பெட்டியோட உண்மையான சிக்கல் வழிதான். எங்க நுழையுது, எதைத் தொடுது, எங்க வெளியேறுது. டவர்ல நடுவுல நிறைய வெத்து இடம் இருக்கு, எப்படியோ கலந்து எப்படியோ போயிடும். இங்க ஒரு கேபிள் குறுக்க வந்தாலே வழி அடைபடும். இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. ஒரு ஃபேன் தள்ளின சூடான காத்தை பக்கத்து ஃபேனே திரும்ப உள்ள இழுக்கும். அப்ப 21 லிட்டர் ஓடுதுன்னு நாம நினைப்போம், ஆனா அதுல பாதி அதே காத்து சுத்திச் சுத்தி வர்றதா இருக்கும். சாண்ட்விச் லேஅவுட்னு சொல்றது இதுக்காகத்தான். நடுவுல ஒரு தகடு, ஒரு பக்கம் மதர்போர்டு, முதுகுக்கு முதுகு ஒட்டி மறுபக்கம் கிராஃபிக்ஸ் கார்டு, நடுவுல ஒரு ரைசர் கேபிள். ரெண்டு கூலரும் அவங்கவங்க பக்கத்துச் சுவர் ஓட்டை வழியா நேரா வெளிக்காத்தைக் குடிக்கும். ஃபேனுக்கும் சுவருக்கும் நடுவுல இடைவெளி இருந்தா அதுல ஃபோம் பட்டை ஒட்டி அடைச்சிடுங்க. பத்து ரூபாய் வேலை, ஆனா உள்காத்தைத் திரும்ப உறிஞ்சறது நின்னுடும்.

"சூடான காத்து மேல போகும்ல, அதனால பெட்டியை நிறுத்தி வச்சா போதும்ல"னு கேட்பீங்க. போகும்தான். 30 செ.மீ. உயரத்துல, 15 டிகிரி வித்தியாசத்துல அது தர்ற அழுத்தம் ஒரு பாஸ்கல்ல ஆறுல ஒரு பங்கு. ஒரு சாதாரண 92 மி.மீ. ஃபேன் தர்றது பத்து, இருபது பாஸ்கல். ஃபேன் ஓடும்போது மேல கீழன்னு காத்துக்கு ஒண்ணும் தெரியாது, தள்ளின பக்கம் போகும். 2000ல ஆப்பிள் கம்பெனி ஃபேனே இல்லாம ஜி4 கியூப்னு எட்டு அங்குலக் கனசதுரம் ஒண்ணு விட்டாங்க. முழுக்க இந்த மேலெழும் காத்தை நம்பி. அழகான பொருள். அடுத்த வருஷமே நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் 2013ல உருளை வடிவ மேக் ப்ரோ. முக்கோணமா ஒரே ஹீட் சிங்க், மேல ஒரே ஃபேன், மூணு பக்கமும் மூணு சிப். மூணும் சமமா எரியும்னு நம்பி செஞ்ச டிசைன். உலகம் ஒரே பெரிய ஜிபியு பக்கம் போயிடுச்சு. வெப்பம்ங்கிற மூலையில நாங்களே போய் மாட்டிக்கிட்டோம்ங்கிற மாதிரி 2017ல அவங்களே பத்திரிகைக்காரங்க கிட்ட ஒத்துக்கிட்டாங்க. அவ்வளவு காசு இருக்கிறவங்களுக்கே இந்தக் கதி.

அடுத்தது சிப்புக்கும் காத்துக்கும் நடுவுல இருக்கிற தூரம். ரைசன் 7600க்குள்ள கோர்கள் இருக்கிற சில்லு சுமார் 70 சதுர மி.மீ.தான். சுண்டு விரல் நகம் அளவு. அதுல இருந்து அறுபது எழுபது வாட் வந்தா, சதுர செ.மீ.க்குக் கிட்டத்தட்ட நூறு வாட். வீட்டு இஸ்திரிப் பெட்டியோட அடித்தகட்டுல இது நாலஞ்சு வாட்தான். இஸ்திரிப் பெட்டியை விட இருபது மடங்கு நெருக்கமான சூடு, ஒரு நகத்துக்குள்ள. அதை முதல்ல பரப்பணும், அப்புறம்தான் காத்து தொட முடியும்.

பரப்பற வேலையை ஹீட் பைப் செய்யுது. பார்க்க வெறும் செப்புக் குழாய் மாதிரி இருக்கும். உள்ள காத்தை எடுத்துட்டுக் கொஞ்சூண்டு தண்ணி விட்டு மூடியிருப்பாங்க. அழுத்தம் குறைவா இருக்கறதால அந்தத் தண்ணி நாற்பது ஐம்பது டிகிரிலயே ஆவியாகும். சிப் பக்கம் ஆவியாகி, தகட்டுப் பக்கம் போய்க் குளிர்ந்து திரும்பத் தண்ணியாகி, உள்சுவர்ல இருக்கிற செப்புத்தூள் படலம் வழியா திரி எண்ணெயை இழுக்கற மாதிரி திரும்ப சிப்புக்கே வரும். நூறு வாட்டைக் கடத்த நொடிக்கு 0.04 கிராம் தண்ணி ஆவியானா போதும். உப்பளத்துப் பாத்தியில வெயில் செய்யற அதே வேலைதான். பாத்தியில இருந்து போன தண்ணி திரும்ப வராது, இங்க வரும், அவ்வளவுதான் வித்தியாசம். 1963ல லாஸ் அலமாஸ்ல ஜார்ஜ் குரோவர் இதைச் செஞ்சு காட்டினப்ப, விண்வெளிக்கு அனுப்பற கருவிகள்தான் அவங்க மனசுல இருந்துச்சு. இப்ப உங்க லேப்டாப்லயும் இருக்கு.

சரி, கணக்கை மாரியூர்ல போடுவோம். சிப்போட சூடுங்கிறது மூணு எண்ணோட கூட்டல்: அறையோட சூடு, பெட்டிக்குள்ள காத்து ஏறின சூடு, கூலரோட வெப்பத்தடையை வாட்டால பெருக்கினது. நாலு செ.மீ. உயரத்துக்குள்ள அடங்கற குட்டை கூலருக்கு வாட்டுக்கு அரை டிகிரின்னு வச்சுக்கோங்க. 22 டிகிரி அறையில 22 கூட்டல் 10 கூட்டல் 44. மொத்தம் 76. யூட்யூப் அண்ணன் சந்தோஷமா தம்ஸ் அப் காட்டுவார். எங்க வீட்டுல 34 கூட்டல் 10 கூட்டல் 44, மொத்தம் 88. இந்த சிப்போட எல்லை 95. எட்ட ஏழு டிகிரிதான் மிச்சம். இதே சிப்போட 'எக்ஸ்' ரகம் 142 வாட் வரைக்கும் இழுக்கும். போட்டுப் பாருங்க, 115ஐத் தாண்டும். நிஜத்துல அங்க போகாது, 95லயே தானா வேகத்தைக் குறைச்சுக்கும். அதிகக் காசு குடுத்து வாங்கின வேகத்தை மெஷினே திருப்பி வாங்கிக்கும்.

இந்தக் கூட்டல்ல ஈரப்பதம் எங்க வருது? வரல. நமக்கு ஃபேன் போட்டா சில்லுன்னு இருக்கக் காரணம் வேர்வை ஆவியாகறது. சிப்புக்கு வேர்க்காது. அதனால புழுக்கமான 34ம் வறண்ட 34ம் அதுக்கு ஒண்ணுதான். இதை ஏன் சொல்றேன்னா, எங்க ஊர்ப்பக்கம் சிலர் பிசிக்குப் பக்கத்துல தண்ணி ஊத்தற ஏர் கூலர் வைக்கறாங்க. ஏற்கெனவே ஈரமான காத்துல அதால மூணு டிகிரிக்கு மேல இறக்க முடியாது. பதிலுக்கு அறையை இன்னும் ஈரமாக்கும். உப்பு இருக்கிற ஊர்ல இதை மட்டும் செய்யாதீங்க.

உப்பு. இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே இதுக்காகத்தான்.

மத்த ஊர்ல சூடானா ஒரே பதில்: இன்னும் காத்து. ஃபேனைக் கூட்டு, ஓட்டையைப் பெருசாக்கு. கடற்கரையில அந்தக் காத்துல என்ன இருக்குன்னு ஜன்னல் கம்பியைப் பார்த்தா தெரியும், சைக்கிள் செயினைப் பார்த்தா தெரியும், ஏசி வெளி யூனிட்டோட தகடு விரல் பட்டாலே உதிரும்போது தெரியும். ஹீட் சிங்கும் அதே அலுமினியத் தகடும் செப்புக் குழாயும்தான். ரெண்டு வேற உலோகம், நடுவுல உப்புத்தண்ணி. இது கிட்டத்தட்ட ஒரு பேட்டரி, அலுமினியம் முதல்ல கரையும். நொடிக்கு 21 லிட்டர்னா ஒரு மணி நேரத்துக்கு 75,000 லிட்டர் கடல் காத்தைச் சர்க்யூட் மேல ஊதறோம்.

ஆனா உப்பு எப்பவும் ஒரே மாதிரி கெடுதல் செய்யாது. வீட்டு உப்பு ஜாடியை நினைச்சுப் பாருங்க. வெயில் காலத்துல பொலபொலன்னு இருக்கும். மழை பிடிச்சா அதே உப்பு கசிஞ்சு ஜாடி அடியில தண்ணி நிக்கும். சமையல் உப்பு காத்துல இருந்து தண்ணி குடிச்சுக் கரையற எல்லை, 75 சதவீத ஈரப்பதம். அதுக்குக் கீழ வெறும் தூள், கரண்ட் கடத்தாது. அதுக்கு மேல உப்புக் கரைசல், நல்லாவே கடத்தும். கடல் தெறிப்புல வர்றது சுத்தமான சமையல் உப்பும் இல்ல. உப்பு எடுத்த பிறகு பாத்தியில மிச்சமாகற கசப்புத் தண்ணியை உப்பளத்துல வடிச்சு விட்டுடுவாங்க, அதுலதான் மெக்னீசியம் குளோரைடு இருக்கு. காத்துல வர்ற துளிக்கு வடிச்சு விட யாரும் இல்லாததால மொத்தமும் வருது. அது 33 சதவீதத்துலயே தண்ணி இழுக்க ஆரம்பிச்சுடும்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. அறையில 30 டிகிரி, 80 சதவீத ஈரம். அதே காத்து ஓடற மெஷினுக்குள்ள 45 டிகிரி மதர்போர்டைத் தொடும்போது, அந்த இடத்துல ஈரப்பதம் 35 சதவீதமா இறங்கிடும். காத்துல இருக்கிற தண்ணி குறையல. சூடான காத்து இன்னும் அதிகம் தாங்கும், அதான். ஆக, ஓடும்போது போர்டு மேல படிஞ்ச உப்பு பெரும்பாலும் காஞ்சே இருக்கும். ஆஃப் பண்ணின அரை மணி நேரத்துல திரும்ப 80. உப்பு தண்ணி குடிக்க ஆரம்பிக்கும். அப்பவும் பிளக்ல ஸ்விட்ச் ஆன்ல இருந்தா, பவர் சப்ளை ஸ்டாண்ட்பைக்காக போர்டுக்கு 5 வோல்ட் குடுத்துட்டேதான் இருக்கும். உப்புத்தண்ணிப் படலம், அதுக்குக் குறுக்க வோல்டேஜ். செம்பு ஒரு முனையில கரைஞ்சு மறுமுனையில வேர் மாதிரி வளரும். அது எதிர்க் கம்பியைத் தொட்டா ஷார்ட்.

கடலோரத்து மெஷின் ஓடும்போது சாகறதை விட, லீவுல சும்மா கிடக்கும்போது சாக வாய்ப்பு அதிகம். எல்லாரும் ஓடும்போது எத்தனை டிகிரின்னு ஸ்க்ரீன்ஷாட் போடறாங்க. ஆஃப்ல எத்தனை சதவீதம்னு யாரும் பார்க்கறதில்ல.

பெரிய அளவுல யோசிச்சவங்களும் இதைத்தான் கண்டாங்க. 2018ல மைக்ரோசாஃப்ட் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுப் பக்கம் 864 சர்வரை ஒரு இரும்பு உருளைக்குள்ள வச்சுக் கடலடியில இறக்கினாங்க. கடல்தான் குளிரூட்டி. ஆனா கடல் காத்து ஒரு சொட்டுகூட போர்டைத் தொடல, உள்ள நைட்ரஜன் நிரப்பி மூடிட்டாங்க. 2020ல எடுத்துப் பார்த்தப்ப, தரையில இருக்கிறதை விட எட்டுல ஒரு பங்குதான் பழுதாகியிருந்துச்சு. சூட்டை வெளிய விடு, காத்தை உள்ள விடாதே. நம்ம ஊர்ப் படகுல இருக்கிற ஜிபிஎஸ்ஸும் அதே கொள்கைதான், ஃபேன் கிடையாது, மூடின பெட்டி. ஆனா அது சில வாட்ல ஓடற சாமான். 250 வாட்டை அப்படி மூட நம்மகிட்ட கடலும் இல்ல, உருளையும் இல்ல.

நம்மால முடிஞ்சது, தேவைப்படற காத்தையே குறைக்கறது. அதாவது வாட்டைக் குறைக்கறது. சிப் இழுக்கற பவர், வோல்டேஜோட வர்க்கத்தையும் வேகத்தையும் சார்ந்தது. வோல்டேஜை 1.2ல இருந்து 1.1க்கு இறக்கி, வேகத்தைப் பத்து சதவீதம் விட்டுக் குடுத்தா, பவர் 24 சதவீதம் குறையும். கடைசிப் பத்து சதவீத வேகத்துக்காகத்தான் அவ்வளவு எரியுது. பயாஸ்ல சிபியுவுக்கு 65 வாட்னு எல்லை வைங்க. திரும்ப அந்தக் கூட்டலைப் போடுங்க: 34, 8, 32. மொத்தம் 74. யூட்யூப் அண்ணனை விடக் குளிர்ச்சி, அதுவும் மாரியூர் மே மாசத்துல. கிராஃபிக்ஸ் கார்டுக்கும் டிரைவரோட வர்ற கருவியிலயே பவர் லிமிட் இறக்கலாம். என் ப்ராஜெக்ட் மாடல் ராத்திரி முழுக்க ட்ரெயின் ஆகும். எட்டு மணி நேரம் எட்டே முக்கால் ஆனா எனக்கு என்ன போச்சு, நான் தூங்கிட்டுதானே இருக்கேன். கேம் ஆடறவங்களுக்கு இது மனசுக்குக் கஷ்டமா இருக்கும், புரியுது.

வாட்டர் கூலிங் கேட்பீங்க. அதுல தண்ணி சூட்டை இடம் மாத்துது, அவ்வளவுதான். கடைசியில ரேடியேட்டரை அதே 34 டிகிரி உப்புக் காத்துதான் தொடணும். பத்து லிட்டர்ல ரேடியேட்டருக்கு இடம் தேடி அலையறதுக்குப் பதிலா ஒரு நல்ல குட்டை கூலர் போதும்.

மீதி எல்லாம் வீட்டு வேலை. உள்ள தள்ளற ஃபேன் வெளிய தள்றதை விடக் கொஞ்சம் அதிகமா இருக்கட்டும். அப்பதான் காத்து இண்டு இடுக்கு வழியா வராம வலை ஒட்டின ஓட்டை வழியா மட்டும் வரும். அந்த நைலான் வலை பொடி உப்பை நிறுத்தாது, பெரிய துளியையும் தூசியையும் நிறுத்தும். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா நல்ல தண்ணியில கழுவி முழுசா காய வச்சு மாட்டுங்க. போர் தண்ணி உப்புன்னா கேன் தண்ணி. எங்க ஊர்ல கடல் தெற்கே, மத்தியானத்துக்கு மேல கடல் காத்து ஏறும். பெட்டியை வடக்குப் பக்க அறையில வச்சு, அந்த நேரம் கடல் பார்த்த ஜன்னலைச் சாத்தினாலே வர்ற உப்பு நிறையக் குறையும். பெரிய துளிகள் சுவரைத் தாண்டி ரொம்ப தூரம் வராது. சாண்ட்விச் பெட்டியில எஸ்எஸ்டி மதர்போர்டோட முதுகுல மாட்டியிருந்தா அதுக்குக் காத்தே போகாது. முன்பக்கம் மாட்டற ஸ்லாட் இருக்கிற போர்டா பார்த்து வாங்குங்க.

ராத்திரி ஆஃப் பண்ணினா சுவர்ல ஸ்விட்சையும் ஆஃப் பண்ணுங்க. ஒரு வாரத்துக்கு மேல தொடப்போறதில்லன்னா பிளக்கைப் பிடுங்கி, சூடு லேசா இருக்கும்போதே தடிமனான பிளாஸ்டிக் பையில போட்டு, 50 கிராம் சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டு மூணு கூடப் போட்டு வாயை டேப் ஒட்டி மூடுங்க. மருந்துக்கடையில நூறு ரூபாய்க்கு ஈரப்பத மீட்டர் இருந்தா ஒண்ணு வாங்கி அதையும் உள்ள போட்டுடுங்க, இல்லன்னா ஆன்லைன்ல கிடைக்கும். பையைத் திறக்காமலே எண் தெரியும். ஐம்பதைத் தாண்டினா பாக்கெட்டை மாத்துங்க. பஸ்ல தூக்கிட்டு வரும்போதும் அதே பையிலயே வரட்டும். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார்னா, மடியில வச்சுக்கறேன்னு சொல்லுங்க. பத்து லிட்டர்தானே.